'நாட் கிவன்' வினாக்களில் தடுமாறும் ஐஇஎல்டிஎஸ் பயிற்சிச் செயலி

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் கேட்டல், வாசித்தல் பகுதிகளுக்காக நான் நெடுநாளாகப் பயன்படுத்திவரும் பயிற்சிச் செயலியின் சந்தா இப்போது குறைந்திருப்பதால், அதை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால் இங்கே பகிர்கிறேன்.

கேட்டல் பகுதியை மனமாரப் பாராட்ட வேண்டும். உண்மையான தேர்வில் ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் கேட்க முடியும். இச்செயலியும் மாதிரித் தேர்வு முடியும்வரை அதை நிறுத்தவோ பின்னோக்கி நகர்த்தவோ விடுவதில்லை. கணினிவழித் தேர்வைப் போலவே, விடைகளைச் சரிபார்க்க இறுதியில் 2 நிமிடம் மட்டுமே தருகிறது. முடிந்தபின் எந்த விடையைத் தொட்டாலும், அது பேசப்பட்ட சில நொடிகள் மட்டும் எழுத்துவடிவத்தோடு மீண்டும் ஒலிக்கின்றன. பேசுபவர் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே வியாழன் என்று திருத்திக்கொள்ளும் இடங்களில் கவனம் எங்கே நழுவுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

வாசித்தலில் பத்திகளின் நீளமும் கடினமும் பொருத்தமானவையே. தலைப்புகளைப் பொருத்தும் வினாக்களிலும் குறையில்லை. ஆனால் ஒரு கூற்று ட்ரூ (சரி), ஃபால்ஸ் (தவறு), நாட் கிவன் (சொல்லப்படவில்லை) ஆகியவற்றில் எது என்று கேட்கும் வினாக்களுக்கான விடைகளும் விளக்கங்களும் என் பொறுமையைத் தொடர்ந்து சோதிக்கின்றன. ஒரு கூற்றைப் பத்தி மறுத்தால்தான் ஃபால்ஸ். உறுதிப்படுத்தவும் மறுக்கவும் இல்லையென்றால் நாட் கிவன். கலங்கரை விளக்கம் இருமுறை பழுதுபார்க்கப்பட்டது என்று மட்டும் பத்தி சொல்லும்போது, அச்செலவை அரசே ஏற்றது என்னும் கூற்றுக்கு ஃபால்ஸ் என்று விடை தருவதோடு, அரசைப் பற்றிப் பத்தியில் எதுவும் இல்லை என்பதையே காரணமாகவும் காட்டினால், படிப்பவர் எதைக் கற்றுக்கொள்வார்? இத்தகைய இடங்களைச் சுட்டிக்காட்டிப் பலமுறை எழுதியும், கருத்துக்கு நன்றி என்ற ஒரே பதில்தான் வருகிறது, விடைகள் மாறவில்லை.

இதைச் சிறு குறை என்று கடந்துபோக முடியவில்லை. உயர்கல்விக்குச் செல்வோர் எழுதும் அகாதமிக் பிரிவின் வாசித்தலில் 40 வினாக்களுக்கு ஏறத்தாழ 30 விடைகள் சரியாக இருந்தால் பேண்ட் 7 என்னும் மதிப்பெண் நிலை கிடைக்கும். இரண்டு மூன்று விடைகள் பிசகினாலே அரை பேண்ட் போய்விடக்கூடும். 60 நிமிடத்துக்குள் மூன்று நீண்ட பத்திகளை முடிக்க வேண்டிய ஒருவர், தவறான அளவுகோலை மனத்தில் பதித்துக்கொண்டு தேர்வறைக்குள் செல்வதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே, கேட்டல் பயிற்சியின் தரத்தை முழுமையாக ஒப்புக்கொண்டே, வாங்க வேண்டாம் என்று நண்பருக்குச் சொல்லியிருக்கிறேன். வாசித்தலுக்குத் தேர்வு நடத்துவோர் வெளியிடும் மாதிரித் தாள்களையே நம்பலாம். செயலியின் தவறான விடைகள் திருத்தப்படும்வரை, கட்டணம் இன்னும் பாதியாகக் குறைந்தாலும் என் பதில் இதுதான்.