கடலில் புயல் எச்சரிக்கை: செல்போனா, டிரான்ஸ்பாண்டரா?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் வலுத்தபோது, குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார ஆழ்கடல் படகுகள் பல தங்கல் தொழிலில், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பதில், இருந்தன. டவர் எட்டாத அங்கே செல்போன் வெறும் டார்ச் லைட்தான்.

கரைக்கு என்றால் செல்போன் எச்சரிக்கை போதும். மலிவு, டவர் எட்டும் இடமெல்லாம் ஒரே நேரத்தில் போய்ச் சேரும்.

படகில் பொருத்தும் தகவல் கருவியான, இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் செயற்கைக்கோள் வழியாகப் பேசுவதால் டவர் வேண்டாம். கரையிலிருந்து எச்சரிக்கை வரும். அதைவிட முக்கியம், படகில் ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் இருப்பிடத்தோடு தகவல் கரைக்குப் போகும். எங்கே தேடுவது என்று திணற வேண்டியதில்லை. என்ன, பொருத்தியதோடு விடாமல் பராமரிக்கவும் வேண்டும்.

தங்கல் படகுக்கு டிரான்ஸ்பாண்டர்தான், பேச்சே இல்லை. காலையில் போய் மதியம் திரும்பும் வள்ளத்துக்குச் செல்போனும் முழு சார்ஜும் சரி.