தேய்ந்த கிராஸுக்கு மாற்று: நிப்பிள் உள்ளதா, மூடியதா?

பின்சக்கர இழுவை கொண்ட ஜீப், வேன் போன்ற வண்டிகளின் புரொபெல்லர் ஷாஃப்டில் (பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டு) உள்ள யுனிவர்சல் ஜாயிண்ட் (கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) தேய்ந்தால், வண்டி கிளம்பும்போதும் ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் அடியிலிருந்து ‘டக்’கென்ற ஒலி எழும். ஜாயிண்டின் நடுவில் இருக்கும் நான்கு கை கொண்ட சிலுவை வடிவத் துண்டுதான் கிராஸ்; ஒவ்வொரு கையின் முனையையும் மூடும் கிண்ணம் பேரிங் கப். அந்தக் கப்பின் விளிம்பில் செந்நிறத் துருப்பொடியும் படிந்திருந்தால் கிராஸை மாற்றிவிட வேண்டியதுதான். கடையில் இரண்டு வகைகள் கிடைக்கும்: கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) உள்ளது, தயாரிக்கும்போதே கிரீஸ் அடைத்து மூடியது.

வலிமையில் மூடிய வகையே மேல். நிப்பிள் வகையில் நான்கு கைகளுக்கும் கிரீஸ் செல்ல வேண்டுமென்பதால் கிராஸின் உட்புறம் துளையிடப்படுகிறது. பாரம் மிகும்போது விரிசல் தொடங்க வாய்ப்புள்ள இடம் அதுவே. ஆனால் மூடிய வகையில் சீல் பழுதாகி நீர் புகுந்துவிட்டால், உள்ளிருக்கும் நீடில்கள் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள்) துருப்பிடிப்பதைத் தடுக்க வழியில்லை.

சேற்றிலும் ஓடையிலும் இறங்கும் வண்டிக்கு நிப்பிள் வகையையே நான் பரிந்துரைப்பேன். நான்கு சீல்களிலும் புதிய கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை கிரீஸ் கன்னால் அடித்தால், உள்ளே புகுந்த நீரும் மணலும் பழைய கிரீஸோடு வெளியேறிவிடும். ஏதேனும் ஒரு கப்பில் மட்டும் கிரீஸ் வராவிட்டால், மற்ற மூன்றைக் கண்டு திருப்தியடைந்துவிடக் கூடாது. அந்த ஒரு கப் உலர்ந்து ஓடினாலே கிராஸ் முழுவதும் வீணாகும். இந்தப் பராமரிப்பைத் தவறாமல் செய்ய இயலாதவர்கள், குறிப்பாகத் தார்ச்சாலையிலேயே ஓட்டுபவர்கள், மூடிய வகையை வாங்குவதே நல்லது. கிரீஸ் காணாத நிப்பிளால், வலிமை குறைந்ததைத் தவிர வேறு பலனில்லை.

யோக்கின் (கப்புகளைத் தாங்கும் கவை) துளை அகன்று புதிய கப் தளர்வாக உட்கார்ந்தால், எந்த வகைக் கிராஸும் நிலைக்காது. அப்போது யோக்கையோ முழு ஷாஃப்டையோ மாற்ற வேண்டும்.

எதை வாங்கினாலும், ஷாஃப்டைக் கழற்றுமுன் ஃபிளேஞ்சுகளிலும் (போல்ட் மாட்டும் இணைப்புத் தட்டுகள்) ஸ்லைடிங் யோக்கிலும் (ஷாஃப்டின் பற்களில் முன்பின் நகரும் யோக்) அடையாளக் கோடு இட வேண்டும். ஸ்லைடிங் யோக் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டாலும் இரு முனை யோக்குகளின் நேர்ப்பொருத்தம் கெட்டு, புதிய கிராஸிலும் அதிர்வு தொடரும். கப்பைச் சுத்தியலால் அடித்து இறக்காமல், பெஞ்ச் வைஸில் வைத்து அழுத்த வேண்டும். அழுத்தும்போது நீடில் ஒன்று சாய்ந்து கப்பின் அடியில் விழுந்தால், சர்கிளிப் (கப்பை நழுவாமல் பிடிக்கும் வளையம்) தன் பள்ளத்தில் அமராது.