கையா, காலா? கயிற்றில் மரமேறும் முறைகள் – ஓர் ஒப்பீடு

சிங்கப்பூர்ச் சாலையோரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். கவாத்து செய்ய வேண்டும். முதல் கிளை ஏழெட்டு மீட்டரில். கயிறு போடத் தோதான கவை 18 மீட்டரில். போக்குவரத்துத் தடத்தைக் காலை ஒன்பதுக்கு மூடி, மூன்று மணிக்குள் குப்பையை அள்ளித் திறந்துவிட வேண்டும். ஏறுவதிலேயே தெம்பு தீர்ந்துபோனால் மேலே ரம்பத்தைப் பிடிக்கும்போது கை நடுங்கும். அந்த நடுக்கத்தை முதல் இரண்டு வருடம் முழுக்க அனுபவித்தவன் நான். எந்த முறையில் ஏறினால் அது குறையும் என்பதுதான் இங்கே என் கணக்கு. எவன் முதலில் உச்சிக்குப் போகிறான் என்பது போட்டிக்காரர்கள் கவலை.

ஊரில் என் தாய்மாமா பனையேறி. இரண்டு பாதத்தையும் தளைநாருக்குள் நுழைத்து, முட்டியை மார்புவரை இழுத்து, பாதத்தை மரத்தில் ஊன்றி நிமிர்வார். கை கட்டிப்பிடித்திருக்கும், அவ்வளவே. ஆளைத் தூக்குவது தொடை. “கையால ஏறுறவன் நாலு மரத்துல உக்காந்துருவான் மாப்ள” என்பார். இது எனக்குக் கயிற்றில் புரிய வெகு காலம் ஆனது.

ஓடும் கயிறு

எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது இதைத்தான். கயிறு கவையின் மேல் போய்த் திரும்பி வரும். ஒரு முனை இடுப்பில் கட்டும் பட்டையான ஹார்னஸில். மறுபக்கக் கயிற்றில் பிடிமுடிச்சு (எடை விழுந்தால் கயிற்றை இறுகப் பற்றும், எடை இல்லாதபோது நகரும் முடிச்சு) ஒன்று போட்டு, அதையும் ஹார்னஸில் மாட்டிக்கொள்வோம். மரத்தில் காலை ஊன்றி, இடுப்பை மேலே எம்பி, அந்த நொடியில் கயிற்றை இழுத்து, முடிச்சை மேலே தள்ள வேண்டும். நாம் ஏற ஏறக் கயிறு கவைமேல் ஓடிக்கொண்டே இருக்கும்.

காகிதத்தில் இது லாபம். கயிறு இரட்டையாக இருப்பதால் இழுக்க வேண்டியது உடல் எடையில் பாதிதான். ஆனால் ஒரு மீட்டர் ஏற இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். 18 மீட்டருக்கு 36 மீட்டர். தூங்குமூஞ்சியின் பட்டை வெடித்துச் சொரசொரவென்று கிடக்கும். அதன்மேல் வெறும் கயிறு ஓடினால் பாதிச் சலுகையை உராய்வே தின்றுவிடும், பட்டையும் தேயும். அதனால் இரண்டு வளையம் கொண்ட பட்டி ஒன்றைக் கவையில் போட்டு, கயிற்றை வளையங்கள் வழியாக ஓடவிடுவார்கள். அப்படிச் செய்தும் பன்னிரண்டாவது மீட்டரில் என் முன்கை கல்லாட்டம் இறுகிப்போகும்.

இதே முறையை ஒரே ஒரு சாமான் மாற்றிவிடும்: ஃபுட் அசென்டர். பூட்ஸின் உள்பக்கத்தில் கட்டும் சின்னப் பல் பிடி. கயிறு ஒரு பக்கமாக மட்டும் அதில் நழுவும். பிடிமுடிச்சுக்குக் கீழே தொங்கும் வாலை அதில் கொடுத்து மிதித்தால், கை இழுத்துக்கொண்டிருந்ததைக் கால் இழுக்கும். முடிச்சுக்கு அடியில் ஒரு சிறு கப்பி இருந்தால் முடிச்சும் தானே மேலே நகரும். போடும் பணத்துக்கு இவ்வளவு பலன் தரும் வேறு பொருள் எங்கள் தொழிலில் எனக்குத் தெரியாது. ஒன்றை மறந்துவிடக் கூடாது: இது ஏற உதவும் சாமான், உயிரைத் தாங்கும் சாமான் அல்ல. காலைப் பின்னால் உதைத்தாலே கயிறு வெளியே வந்துவிடும். சில சமயம் உதைக்காமலே வரும்.

பாதப்பூட்டு

தொங்கும் இரண்டு கயிறுகளையும் சேர்த்துப் பிடித்து, ஒரு பாதத்துக்கு அடியில் கொடுத்து, மறு பாதத்தின் மேல் சுற்றி, இரண்டையும் அழுத்திப் பூட்டி எழுந்து நிற்பது. தலைக்கு மேலே புரூசிக் என்ற பிடிமுடிச்சு காவலுக்கு. கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931-இல் எழுதிவைத்த முடிச்சு அது. சர்வதேச மரமேறும் போட்டிகளில் ஆண்களுக்கு 15 மீட்டர், பெண்களுக்கு 12 மீட்டர் என்று இதற்குத் தனிப் போட்டியே நடந்திருக்கிறது. தேர்ந்த கால்கள் ஏறுவதைப் பார்த்தால் புழு நெளிந்து போவதுபோல் இருக்கும்.

தளைநாருக்கு ஆகக் கிட்டத்தில் வருவது இதுதான். காலுக்குக் கருவி கிடையாது, பாதமே கருவி. அதனால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். ஆனால் வேலைக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். மழை நனைத்த கயிறு பாதத்தில் வழுக்கும். மெல்லிய கயிறு பூட்டில் நிற்காது. கை எப்போதும் புரூசிக்குக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பதற்றத்தில் முடிச்சையே பற்றிவிட்டால் அது இறுகாமல் நம்மோடு கீழே சறுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடை ஏறிய புரூசிக்கை இளக்கி இறங்க முடியாது. பாதி வழியில் குளவிக் கூட்டைக் கலைத்துவிட்டீர்கள் என்றால் மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் தொங்க வேண்டியதுதான்.

நிற்கும் கயிறு: தவளையும் நடையும்

இங்கே கயிறு ஓடாது. ஒரு முனை கட்டப்பட்டிருக்கும்; அதன்மேல் நாம் நகர்வோம். ஒரு மீட்டர் ஏற ஒரு மீட்டர்தான். பாதி எடைச் சலுகை போய்விடும், முழு எடையையும் தூக்க வேண்டும். ஆனால் தூக்குவது கால் என்பதால் அது உறைக்காது.

குகைக்குள் இறங்குகிறவர்கள் வழியாக வந்தது தவளை முறை. மார்பில் ஒரு பல் பிடி, கையில் ஒன்று, கைப்பிடியிலிருந்து பாதத்துக்கு ஒரு வளையம். உட்கார்ந்து, நின்று, உட்கார்ந்து, நின்று போக வேண்டும். எப்போதும் இரண்டு பிடி கயிற்றில் இருக்கும் என்பது தெம்பு. ஆனால் மெதுவானது. இறங்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்றி வேறு கருவிக்கு மாற வேண்டும். என் பையில் அது இல்லை.

நடை முறை வேறு ஜாதி. ஒரு காலில் ஃபுட் அசென்டர், மறு காலின் முட்டிக்கருகே அதேபோன்ற இன்னொரு பல் பிடி, ‘நீ அசென்டர்’ (knee, அதாவது முட்டி). அதைத் தோளிலிருந்து வரும் ரப்பர் நாடா மேலே இழுத்துப் பிடித்திருக்கும். இடது, வலது, இடது, வலது, மாடிப்படி ஏறுவதுதான். கை கயிற்றை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். முதல் தடவை 18 மீட்டர் போய் நின்றபோது மூச்சு வாங்கியது, கை மட்டும் புதுசாக இருந்தது.

மேலே பிடித்திருக்கும் கருவி எது என்பதில் இருக்கிறது சூட்சுமம். ஒற்றைக் கயிற்றில் வெறும் பிடிமுடிச்சு நம் முழு எடையையும் வாங்கி இறுகிப்போகும், இளக்க முடியாது. முடிச்சுக்கு மேலே கயிற்றைச் சற்று வளைத்து உராய்வைப் பகிர்ந்துகொள்ளும் ரோப் ரெஞ்ச் என்ற சிறு உலோகத் துண்டைக் கெவின் பிங்ஹாம் என்ற அமெரிக்க மரமேறி கண்டுபிடித்தார். அதன் பிறகு ஏறிய அதே கருவியில் இறங்கவும் முடிந்தது. குளவி வந்தாலும் கவலையில்லை.

குறை இல்லாமல் இல்லை. முதல் மூன்று மீட்டரில் கீழே கயிற்றின் எடை போதாது. பாதத்தைத் தூக்கினால் கயிறும் கூடவே வரும், நகராமல் ஆடிக்கொண்டிருப்போம். கீழே ஒருவர் வாலைப் பிடிக்க வேண்டும், அல்லது ஒரு பையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். இன்னொன்று அந்த ரப்பர் நாடா. ஒரு நாள் கிளைகளில் குடம்போல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கூட்டுப் பெரணி ஒன்றை உரசிக்கொண்டு ஏறினேன். தண்டில் நாடா சிக்கி, ‘டப்’பென்று அறுந்தது. நீ அசென்டர் வழுக்கிக் கணுக்காலுக்கு வந்துவிட்டது. மிச்ச நான்கு மீட்டரை ஒற்றைக் காலில் நொண்டியடித்தே முடித்தேன். அன்றிலிருந்து சட்டைப் பையில் ஒரு நாடா உபரியாக இருக்கிறது.

கட்டுவது எங்கே?

நிற்கும் கயிற்றைக் கவையிலேயே சுருக்கிடலாம், அல்லது கவைமேல் போட்டு மரத்தடியில் கட்டலாம். அடியில் கட்டுவது சுலபம். பெரணி அடர்ந்த மரத்தில் எறிகயிறு (ஏறும் கயிற்றை மேலே இழுக்க முதலில் வீசும் மெல்லிய கயிறு) எந்தக் கவையில் விழுந்தாலும் சமாளிக்கலாம். இறக்கும் கருவி வைத்துக் கட்டியிருந்தால், மயங்கிய ஆளைக் கீழிருந்தே இறக்கலாம். ஆனால் கவைமேல் விழும் பாரம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. 75 கிலோ ஆள் தொங்கினால் ஒரு பக்கம் அவர் எடை, மறு பக்கம் அதைத் தாங்கும் இழுப்பு என்று கவைக்கு 150 கிலோ அளவுக்குப் போகும். அதனால் ஏறுமுன் இரண்டு பேர் கயிற்றில் தொங்கிக் குலுக்கிப் பார்ப்போம். அதைவிடப் பெரிய பயம், அடியில் விறகு அறுக்கும் ஆள் கவனிக்காமல் ரம்பத்தைக் கயிற்றில் வைத்துவிடுவது. நான் வேலை செய்த ஓர் இடத்தில் அது அரை அடியில் தப்பியது. இப்போது கட்டிய இடத்தில் சிவப்புத் துணி சுற்றாமல் நான் ஏறுவதில்லை.

பல் பிடி வைத்த எதற்கும் பொதுவான ஒரு எச்சரிக்கை: கயிறு தளர்ந்த நிலையில் அதன்மேல் விழக்கூடாது. 4 முதல் 6 கிலோநியூட்டன் (ஏறக்குறைய 400 முதல் 600 கிலோ தொங்கும் இழுப்பு) அதிர்ச்சியிலேயே பற்கள் கயிற்றின் மேலுறையைக் கிழித்துவிடும்.

உயிர் மரத்தில் ஆணிச்செருப்பு போட்டு ஏறுவதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. குத்திய ஒவ்வோர் இடமும் மரத்துக்குப் புண். வெட்டிச் சாய்க்கப்போகும் மரமென்றால் சரி. மோட்டார் வைத்த ஏற்றக்கருவிகளும் உண்டு. விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மேலே போன பிறகு

ஏறுவதில் நடை முறை ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் கிளையோரம் நடந்து போய்த் திரும்பும்போது கதை மாறுகிறது. தூங்குமூஞ்சி குடை விரித்தாற்போலப் பரந்தது. பத்து மீட்டர் நுனிக்குப் போய்த் திரும்பி வர, ஓடும் கயிறு தரும் பாதி எடைச் சலுகை அருமையாக உதவும். அதனால் நான் நிற்கும் கயிற்றில் ஏறி, உச்சியில் வளையப் பட்டி போட்டு, ஓடும் கயிற்றுக்கு மாறிவிடுகிறேன். மாற ஐந்து நிமிடம் ஆகும். பிரிட்டனில் 2020 முதல் மரமேறி வேலை செய்பவர்களுக்கான நெறிமுறையே இரண்டு கயிற்றை வழக்கமாக்கிவிட்டது. அப்படி இரண்டு கயிறும் கூடவே இருந்தால் இந்த மாற்றம் தனிச் செலவாகவே தெரியாது.

எட்டு மீட்டருக்குக் குறைந்த மரத்துக்கு இத்தனையும் வேண்டாம். நீ அசென்டரை மாட்டி நாடாவைச் சரிசெய்யும் நேரத்தில் ஓடும் கயிற்றில் மேலே போயிருக்கலாம். ஒரே நாளில் சின்ன மரம் பத்து என்றால் ஓடும் கயிறும் ஃபுட் அசென்டரும் போதும்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், “அண்ணே, இந்தச் சம்பளத்துல ஒண்ணுதான் வாங்க முடியும், எதை வாங்க?” என்றான். ஃபுட் அசென்டரை வாங்கச் சொன்னேன். வாங்கிவிட்டான். முதல் நாள் பல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி மாட்டிக்கொண்டு நின்றான்.