அநுராதபுரமா, பொலன்னறுவையா: ஒரு நாள் மட்டுமே கையில் இருந்தால்

இலங்கையின் வறண்ட வலயத்துக்குப் பழம்பெரும் பௌத்த நகரங்களைக் காணச் செல்லும் பயணிகள் பலரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. இரண்டும் சிங்கள மன்னர்களின் தலைநகரங்களாக இருந்தவை. இரண்டும் 1982ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றவை. சாலை வழியாக ஏறக்குறைய 100 கிலோமீட்டர் இடைவெளிதான் என்பதால் ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று சில பயண ஏற்பாட்டாளர்கள் சொல்வதுண்டு. அப்படிச் செய்தால் வாகனத்தின் சாளரம் வழியே சில செங்கல் மேடுகளைப் பார்த்த கணக்காகத்தான் முடியும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. எதைத் தேர்வது என்பது, சிதைந்த நகரத்தைப் பார்க்கப் போகிறோமா, வழிபடப்படும் தலத்தைப் பார்க்கப் போகிறோமா என்பதைப் பொறுத்தது.

அநுராதபுரம் கி.மு. 4ஆம் நூற்றாண்டளவில் தொடங்கி, சோழர் படையெடுப்பு வரை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைநகராக விளங்கியது. அத்தனை காலத்துக் கட்டடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றுக்கொன்று வெகுதொலைவிலும் கிடப்பதால், முதன்முறை வருபவருக்கு எங்கே தொடங்குவது என்றே புரியாது. பொலன்னறுவையின் கதை சுருக்கமானது. சோழர்கள் அதை ஜனநாதமங்கலம் என்ற பெயரில் தங்கள் ஆட்சி மையமாக்கினர். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். 1215இல் கலிங்க மாகனின் படையெடுப்போடு அதன் பொற்காலம் முடிந்தது. இன்று அங்கே நாம் வியந்து பார்க்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை முதலாம் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன் ஆகிய இருவரின் காலத்தவை, அதாவது அரை நூற்றாண்டுக்குள் எழுந்தவை. அரண்மனை, அரசவை மண்டபம், தந்ததாது (புத்தரின் புனிதப் பல்) வைக்கப்பட்டிருந்த முற்றம், விகாரைகள் என்று தெற்கிலிருந்து வடக்காக வரிசையில் அமைந்திருப்பதால், வழிகாட்டி இல்லாமலேயே அந்த நகரத்தின் அமைப்பு மனத்தில் பதிந்துவிடும்.

ஆனால் எளிதில் புரிவது மட்டுமே சிறப்பாகிவிடாது. அநுராதபுரத்தில் ஶ்ரீ மகாபோதியின் முன் நிற்கும்போது இது தெளிவாகும். புத்தகயாவில் புத்தர் ஞானம் பெற்ற அரசமரத்தின் கிளையை அசோகரின் மகள் சங்கமித்தை கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தார் என்பது மரபு. மனிதர் நட்டு, நட்ட காலம் பதிவான மரங்களில் உலகிலேயே மிகப் பழையதாக இதைச் சொல்வார்கள். மரம் என்னவோ பார்வைக்குப் பெரியதல்ல. பொன்னிற முட்டுகள் தாங்கும் மெலிந்த கிளைகளைக் கண்டு ஏமாற்றம் அடைபவர்களும் உண்டு. அங்கே பார்க்க வேண்டியது மரத்தை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள மக்களையும்தான்: வெண்ணிற உடையில் தாமரை மொட்டுகளோடு வந்து, மணலில் அமர்ந்து பிரித் என்னும் காப்பு மந்திரங்களை ஓதும் குடும்பங்கள் அங்கே பயணிகளுக்காக நடிப்பவர்கள் அல்லர்.

அநுராதபுரத்தின் தூபிகளும் சிதைவும் வழிபாடும் கலந்த இந்த இரட்டை இயல்பைக் காட்டுகின்றன. மன்னன் துட்டகைமுனு எழுப்பிய ருவன்வெலிசாய புதுப்பிக்கப்பட்டு, சுண்ண வெண்மையில் 100 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. பழைமையைத் தேடி வருபவருக்கு அது புதுக்கட்டடம் போலத் தோன்றலாம். வழிபடுபவருக்கோ அது ஒருபோதும் பழம்பொருளாக இருந்ததே இல்லை. சற்றுத் தொலைவில் மன்னன் மகாசேனன் தொடங்கிய ஜேதவனாராமய செங்கல் வெளித்தெரிய நிற்கிறது. ஒரு காலத்தில் 122 மீட்டர் உயரமிருந்த அதைவிட உயரமானவை அக்காலத்தில் கீசாவின் இரண்டு பிரமிடுகள் மட்டுமே. இன்று எஞ்சியிருப்பது 71 மீட்டர்தான் என்றாலும், சுமார் 9 கோடியே 30 லட்சம் செங்கற்கள் கொண்டதாகக் கணக்கிடப்படும் அந்தப் பேருருவின் அடியில் நின்றால் கழுத்து வலிக்கும். என்னைக் கேட்டால், இரண்டில் ஜேதவனாராமயவே நெடுநேரம் நிற்கத் தகுந்தது.

சிற்பத்தைப் பொறுத்தவரை பொலன்னறுவைக்கே முதலிடம். கல் விகாரையில் ஒரே பாறை முகப்பில் நான்கு திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 7 மீட்டர் உயர நின்ற உருவம் மார்பின்மேல் கைகளைக் குறுக்காக வைத்திருப்பதால், அது புத்தரா, அவருடைய சீடர் ஆனந்தரா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. 14 மீட்டர் நீளக் கிடந்த உருவத்தின் அருகே சென்று இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். தலையின் பாரத்தால் கல் தலையணை மெல்ல அமுங்கியது போலச் செதுக்கப்பட்டிருக்கிறது. கால்களில் மேலுள்ள பாதம் கீழுள்ளதோடு ஒத்து நில்லாமல் சற்றே பின்வாங்கியிருக்கிறது. இது உறக்கமன்று, பரிநிர்வாணம் என்பதைச் சிற்பி அந்தச் சிறு விலகலால் சொல்லிவிடுகிறான். பாறையின் இயற்கையான வரிகள் முகத்தின்மேலும் அலையலையாக ஓடுவதைப் புகைப்படங்கள் சரியாகக் காட்டுவதில்லை. மழைவெயிலிலிருந்து காக்க மேலே அமைத்திருக்கும் கூரை கண்ணுக்கு உறுத்தல்தான். தேவையானது என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டு நகரங்களையும் நேருக்கு நேர் ஒப்பிட விரும்புகிறவர்கள், படிக்கட்டின் அடியில் கிடக்கும் அரைவட்டச் செதுக்குக் கற்களான சந்திரவட்டக்கற்களைப் பார்த்தாலே போதும். அநுராதபுரத்தின் அபயகிரிப் பகுதியில், மகாசேனன் மாளிகை என்று தவறாக வழங்கப்படும் துறவியர் உறைவிடத்தின் வாயிலில் உள்ள கல்லில், யானை, குதிரை, சிங்கம், காளை ஆகியவை ஒரே அரைவட்டத்தில் ஒன்றையொன்று துரத்திச் செல்கின்றன. பொலன்னறுவையின் வட்டதாகே என்னும் வட்டவடிவத் தூபி மண்டபத்தில் யானைகளும் குதிரைகளும் தனித்தனி வரிசைகளாகப் பிரிந்துவிட்டன, காளையைக் காணோம். சைவர்களுக்குப் புனிதமான விலங்கைக் காலால் மிதிக்கலாகாது என்பதே காரணம் என்று பொதுவாக விளக்குவார்கள்.

அந்தச் சைவச் செல்வாக்கின் நேரடிச் சான்றும் பொலன்னறுவையிலேயே இருக்கிறது. இரண்டாம் சிவ தேவாலயம் என்று தொல்லியலாளர் குறிப்பிடும் வானவன்மாதேவீச்சரம் முழுக் கற்றளி. சுற்றிலுமுள்ள செங்கல் விகாரைகள் பல கூரையிழந்து நிற்க, இது விமானத்தோடு நிற்கிறது. தந்ததாது முற்றத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் என்னும் கூலிப் படையினர் ஏற்றதை அது சொல்கிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அதைப் பார்க்காமல் திரும்புவது பெரும் இழப்பு. அநுராதபுரத்தில் தமிழ் மன்னன் எல்லாளனின் நினைவு கதையாக நிறைய உண்டு. அவனுடைய சமாதி என்று நெடுநாள் காட்டப்பட்ட மேட்டைப் பிற்கால ஆய்வாளர்கள் தக்கிண தூபி என்று அடையாளம் கண்டனர்.

நடைமுறை வசதியில் வேறுபாடு பெரிது. பொலன்னறுவையை வாடகை மிதிவண்டியில், மரநிழல் பாதைகளில், ஒரு பகலில் சுற்றிவிடலாம். அநுராதபுரம் பரந்து கிடப்பதால் மோட்டார் வாகனம் இருந்தால் அபயகிரி வரை எளிதில் எட்டலாம். அருகிலுள்ள மிகிந்தலைக் குன்றையும் சேர்த்தால் இன்னொரு நாள் வேண்டும். மறுபுறம், கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ரயிலில் வருபவர்களுக்கு வடக்குப் பாதையிலேயே இருக்கும் அநுராதபுரம் எளிது. இரண்டிலும் தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். புத்தர் உருவத்துக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதைக் காவலர்கள் உடனே தடுப்பார்கள். செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும் என்பதால், நண்பகலில் கல்தளம் கொதிக்கும்போது கனத்த காலுறை கைகொடுக்கும்.

கலைக்காகவும் வரலாற்றுக்காகவும் முதன்முறை செல்கிறவர், ஒரே நாள்தான் என்றால், பொலன்னறுவையைத் தேர்வதே சரி. பௌத்தம் இன்றும் எப்படி வாழ்கிறது என்று அறிய விரும்புகிறவருக்கு அநுராதபுரத்துக்கு ஈடில்லை. அவர்கள் பௌர்ணமி நாளான போயாவில் சென்றால் அதை முழுமையாகக் காணலாம். ஜூன் மாதத்துப் பொசன் போயாவில் மட்டும் தங்குமிடத்தை முன்கூட்டியே உறுதிசெய்யாமல் கிளம்பக் கூடாது. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்தரின் வருகையை நினைவுகூர நாடெங்குமிருந்து யாத்திரிகர்கள் அன்று அங்கே திரள்கிறார்கள்.