அம்மாவின் போனும் எங்கள் வீட்டு இணையமும்: ஒரு நெடுநாள் பாவனை அனுபவம்

புதுப் போன் ஒன்றை வாங்கி ஒரு கிழமை பாவித்துவிட்டு, கமெரா நல்லம், பற்றரி பரவாயில்லை என்று எழுதுவது லேசு. ஒரு வீட்டுக்குள் இணையம் வந்து, பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்து, குணம் மாறி, பெயர் மாறி எப்படி நடந்துகொண்டது என்று எழுதினால்தான் அது உண்மையான பாவனை அனுபவம். அதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் வீடு கல்லடியில். மட்டக்களப்புப் பக்கம் பெரும்பாலும் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். அக்கா கலியாணம் முடித்து ரொறன்ரோவுக்குப் போனதால் வீடு எனக்கு வந்தது, வீட்டோடு அம்மாவும். தம்பி அபுதாபியில். இந்த இரண்டு பேரோடும் அம்மா கதைப்பதுதான் எங்கள் வீட்டில் இணையத்தின் முதல் வேலை. பிள்ளைகளின் பாடம், கணவரின் கிரிக்கெட், என்னுடைய சமையல் வீடியோ எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. ஆகவே என் அளவுகோல் ஒன்றே ஒன்று: அம்மா என்னைக் கூப்பிடாமல் தானே செய்துகொள்ள முடிகிறதா? வேகமும் விலையும் அதற்குப் பிறகு.

இந்த அளவுகோலால் பார்த்தால் ஆரம்ப காலத்துக்குப் பூச்சியம்தான் போட வேண்டும். அப்போது சந்தியில் ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. அக்கா அங்கேதான் கோல் எடுப்பாள். "கனடாவில இருந்து கோல், பத்து நிமிஷத்தில திரும்ப எடுப்பாவாம்" என்று கடைப் பொடியன் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போவான். அம்மா சேலை மாற்றிக்கொண்டு ஓடுவார். பிறகு அதே கடைக்குள் பலகையால் அறை பிரித்து நாலைந்து கணினி வைத்தார்கள். யாகூ மெசஞ்சர், அதற்குப் பிறகு ஸ்கைப். முகம் தெரிந்தால் குரல் வராது, குரல் வந்தால் அக்காவின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிடும். எல்லாவற்றையும் நான்தான் அமத்திக் கொடுக்க வேண்டும். அம்மாவின் பங்கு, ஒன்றரைச் சாண் தூரத்தில் இருக்கும் மைக்கைப் பார்த்து கனடாவுக்கே கேட்கும்படி சத்தம் போடுவது. யாகூ மெசஞ்சரை 2018 ஜூலையில் மூடினார்கள், ஸ்கைப்பை 2025 மே மாதத்தில். இரண்டுக்கும் எங்கள் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. நாங்கள் எப்போதோ அங்கிருந்து குடிபெயர்ந்திருந்தோம்.

தமிழில் எழுதுவது வேறு ஒரு பாடு. அந்த நாளில் இங்கே அச்சகம், பள்ளிக்கூடம், கந்தோர் எல்லா இடத்திலும் பாமினி எழுத்துருதான். பாமினியில் 'அம்மா' என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும்தான் தெரியும். அக்காவுக்கு நான் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. அவள் அதை சுரதாவின் எழுத்துருமாற்றியில் ஒட்டி, எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோட்டாக்கி வாசிப்பாள். இன்றைக்குத் தமிழில் தட்டச்சுச் செய்கிற பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை தெரியாது. எந்தப் போனிலும் எந்தக் கணினியிலும் 'அம்மா' அம்மாவாகவே தெரிகிறது. என்னைக் கேட்டால் இந்த இருபது வருடத்தில் நடந்த பெரிய காரியங்களில் இதை முதல் மூன்றுக்குள் வைப்பேன். ஆனால் அம்மாவுக்கு இதனால் லாபம் பாதிதான். வந்ததை வாசிக்க முடிந்தது, பதில் எழுத நான் வேண்டியிருந்தது.

அம்மாவின் கையில் இணையம் உண்மையாக வந்தது குரல் செய்தியோடுதான். வட்ஸ்அப் அதை 2013 ஓகஸ்டில் கொண்டுவந்தது. மைக் படத்தை அமத்திப் பிடி, கதை, கையை எடு. இதற்கு எழுத்தும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். ஒரு நாளில் பழகிவிட்டார். ஒரே சிக்கல், அம்மா ஓரிடத்தில் இருந்து கதைக்கிற ஆள் இல்லை. கிணற்றடியில் தொடங்கி, கோழிக்குச் சோறு போட்டு, வேலியால் பக்கத்து வீட்டு மாமியிடம் கறிவேப்பிலை கேட்டு, குசினிக்குள் வந்துதான் முடிப்பார். இடையில் பெருவிரல் கொஞ்சம் வழுகினால் போதும், பாதிக் கதை அபுதாபிக்குப் போய்விடும். ஒரு முறை தம்பிக்குக் கிடைத்தது, "மனே, உனக்குப் பேசின அந்தப் புள்ளட தகப்பன்..." என்பது மட்டும். மிச்சம் வரும்வரை அவன் வேலைத்தளத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தானாம். பிறகு மேலே தள்ளிவிட்டால் பூட்டிக்கொள்ளும் வசதி வந்தது. சின்னப் பூட்டுப் படம், அவ்வளவுதான். அதைச் செய்தவருக்குப் புண்ணியம். அதன் பிறகு அம்மாவின் குரல் செய்திகள் நீண்டுகொண்டே போயின.

2021 இல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கும் வசதி வந்தபோது இந்தக் கதைக்கு ஒரு வில்லங்கம் பிறந்தது. என் மகள் ரியூசன் முடிந்து வரும் வழியில் அம்மம்மாவின் செய்திகளை இரண்டு மடங்கில் போட்டுக் கேட்பாள். ஒரு நாள் விறாந்தையில் இருந்து அப்படிக் கேட்க, தன் குரல் கிளிக்குஞ்சு கத்துவதுபோல் வருவதை அம்மா கேட்டுவிட்டார். "நான் சாகப்போற அவசரத்திலயா கதைக்கிறன்?" என்று மகளைப் பிடித்துக்கொண்டார். அவளோ, "அம்மம்மா, கனடாப் பெரியம்மாவும் இப்படித்தான் கேக்கிறவ" என்று இன்னும் எண்ணெய் ஊற்றினாள். இப்போது அம்மா அனுப்பும் எல்லாச் செய்தியும் "ஆறுதலாக் கேளுங்க" என்றுதான் தொடங்குகிறது. அதையும் இரண்டு மடங்கில்தான் கேட்கிறார்கள்.

கனடாவோடு இப்படி ஒழுங்காகிவிட்டது. அபுதாபிதான் ஒழுங்குக்கு வரவில்லை. அமீரகத்தில் வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், கோல் எடுக்க முடியாது. அனுமதி பெற்ற செயலிகள் வழியாகத்தான் பேச வேண்டும். அதனால் தம்பி ஒரு காலம் இமோ என்றான், பிறகு போட்டிம் என்றான். அம்மாவுக்குப் பெயர்கள் மனதில் நிற்காது. நிறத்தால் அடையாளம் வைத்திருக்கிறார். கனடாவுக்குப் பச்சை, அபுதாபிக்கு நீலம், கொழும்பில் இருக்கும் மச்சாளுக்கு மட்டும் ஊதா, அவள் இன்னும் வைபரை விடவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளைகளோடு கதைக்க மூன்று கதவு எதற்கு என்று அம்மா கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கதவுகள் எல்லாம் ஒன்றாக மூடிய நாட்களும் உண்டு. 2018 மார்ச்சில், அம்பாறையிலும் கண்டியிலும் நடந்த கலவரத்துக்குப் பிறகு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் ஒரு கிழமை அளவில் நிறுத்தியது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஊரே ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் சமூக வலைத்தளங்களும் நிறுத்தப்பட்டன. அக்கா அனுப்பிய செய்திகள் ஒன்றும் எங்களுக்கு வரவில்லை, நாங்கள் அனுப்பியது ஒற்றைச் சரியோடு நின்றது. கடைசியில் அவள் பழைய மாதிரிச் சாதாரணக் கோலில்தான் எங்களைப் பிடித்தாள். அந்தத் தடை மாதக் கடைசிவரை இருந்தது. எங்கள் ஒழுங்கையில் பொடியன்கள் எல்லாருக்கும் தடையைச் சுற்றிப் போக விபிஎன் போடத் தெரிந்தது அந்த நாட்களில்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கட்டாயம் வைத்திருக்கிறோம்: முக்கியமான இலக்கங்கள் ஒரு கொப்பியில் எழுதி இருக்க வேண்டும், அம்மாவின் போனில் வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கும் அளவுக்காவது ரீலோட் இருக்க வேண்டும். யார் எந்தச் செயலியைப் பரிந்துரைத்தாலும் இதை விடுவதாக இல்லை.

கொரோனாக் காலத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 இல் பள்ளிக்கூடம் வட்ஸ்அப் குழுவுக்குள் வந்தது. ஆசிரியர் கரும்பலகையைப் படமெடுத்துப் போடுவார், பிள்ளை கொப்பியைப் படமெடுத்துத் திருப்பிப் போடும். கல்லடியில் எங்களுக்கு அது நடந்தது. வாவிக்கு அங்கால் படுவான்கரையில் என் சின்னம்மாவின் பேரப்பிள்ளைகள் சிக்னல் தேடிக் குளக்கட்டுக்குப் போய்த்தான் சூமில் சேர்ந்தார்கள். எங்கள் பக்கத்து எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் ஏற்கனவே இருக்கிற தூரத்தை இணையம் குறைக்கும் என்று நான் நம்பியிருந்தேன். அந்த வருடம் அது கூட்டித்தான் காட்டியது.

சரி, இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டுமே. முதலில் 4ஜி ரவுட்டர். பகல் டேட்டா, இரவு டேட்டா என்று இரண்டாகப் பிரித்துத் தருவார்கள். பகல் பங்கு மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்துவிடும், இரவுப் பங்கு மிஞ்சிக் கிடக்கும். ஆகவே கணவர் விடிய முன் எழும்பிப் படம் இறக்குவார். 2022 இல் மின்வெட்டு, மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்தோம். சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். கரண்ட் நீளமாகப் போனால் சிக்னல் கோபுரமும் படுத்துவிடுகிறது, நம் ரவுட்டர் மட்டும் பச்சை விளக்கோடு சும்மா இருக்கும். இப்போது ஃபைபர். வேகத்துக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழுது என்று சொன்னால் வருவோம் என்பார்கள், எப்போது என்பதுதான் தெரியாது. பழைய 4ஜி ரவுட்டரை விற்காமல் வைத்திருக்கிறேன், நீங்களும் வையுங்கள்.

அம்மாவின் கணக்கில் குரல் செய்திக்கு அடுத்த பரிசு குரல் தேடலுக்கு. 2017 இல் கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழைச் சேர்த்தபோது இலங்கைத் தமிழையும் தனியாகச் சேர்த்தது. மட்டக்களப்புப் பேச்சைக் கேட்டால் அது இன்னும் திணறுகிறது, "வீதியால கிறுகி (திரும்பி) வாங்க" என்றால் வாய்க்கு வந்ததை எழுதும். அம்மா அதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார். யூடியூப்பில் தேடும்போது மட்டும் வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரல் வந்துவிடும். நிமிர்ந்து இருந்து, "மட்டக்களப்பு... வடமோடி... கூத்து" என்று ஒவ்வொரு சொல்லாக வைப்பார். வந்துவிடுகிறது! எந்த ஊர்க் களரியில் யாரோ போனில் எடுத்துப் போட்ட கூத்தோ, விடியுமட்டும் பார்ப்பார். பார்த்து முடிய விட்டால் அது தானாகவே இந்தியச் சீரியலுக்குப் போய்விடும், அதுதான் எரிச்சல். மகள் ஒரு முறை நூலகம் தளத்தில் பழைய கோயில் மலர் ஒன்றை எடுத்துக் காட்டினாள். 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். அம்மா ஒவ்வொரு பக்கமாகப் பெரிதாக்கி, படங்களில் இருக்கிற ஆட்களுக்கெல்லாம் முறை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு விளம்பரமும் குறுக்கே வரவில்லை. பணம் கொடுத்துப் பாவிக்கிற எத்தனையோ செயலிகளில் இந்த மரியாதை இல்லை.

இப்போது மகன் எதற்கெடுத்தாலும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறான். வீட்டுப் பாடத்துக்கு நல்லாத்தான் உதவுகிறது, ஆங்கிலக் கடிதம் திருத்த நானும் பாவிக்கிறேன். அம்மா ஒரு நாள் அவன் போனை வாங்கி, எங்கள் கண்ணகை (கண்ணகி) அம்மன் கோயிலில் திருக்குளிர்த்திச் சடங்கு எப்போது என்று கேட்டார். அது மதுரையை எரித்த கதையை வெகு மரியாதையாக, நீளமாகச் சொல்லியது. அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "இது எனக்குத் தெரியும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். நாள் என்ன என்பதைச் சின்னம்மாவின் குரல் செய்திதான் சொன்னது, யார் யார் நேர்த்தி வைத்திருக்கிறார்கள் என்ற விபரத்தோடு.

குறைகள் இல்லாமல் இல்லை. காலை வணக்கப் பூப்படங்களால் அம்மாவின் போன் அடிக்கடி நிரம்புகிறது, போயா (பௌர்ணமி) விடுமுறைகளில் எனக்கு அதை அழிக்கிற வேலை. கூகுள் 2021 ஜூனோடு படங்களுக்கான அளவில்லா இலவச இடத்தை நிறுத்திவிட்டது. ஆண்ட்ரொயிட் போனில் வட்ஸ்அப்பின் காப்புப் பிரதியும் இப்போது அதே 15 ஜிபிக்குள்தான். ஆகவே பூக்களை அழித்து, குரல் செய்திகளை மட்டும் கணினிக்கு எடுத்து வைக்கிறேன். பரிசு விழுந்திருக்கிறது, பார்சல் வந்திருக்கிறது என்று வரும் போலிச் செய்திகளுக்கு அம்மாவிடம் ஒரு நல்ல மருந்து இருக்கிறது: தெரியாத ஆள் எழுத்தில் அனுப்பினால் அவர் வாசிப்பதே இல்லை. வேணுமென்றால் கதைக்கட்டும் என்கிறார்.

வருகிற சித்திரைக்குத் தம்பி லீவில் வருகிறான், புதுப் போன் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். பெரிய திரை, நிறையக் கமெரா. அம்மா அவனுக்குப் பதில் அனுப்பிவிட்டார், நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். "ஆறுதலாக் கேள் மனே. போன் எதெண்டாலும் கொண்டுவா. பச்சையும் நீலமும் இப்ப இருக்கிற இடத்திலயே இருக்கோணும். மறுகா வந்து மாத்திப்போட்டுப் போகாத."