கொக்கோ காய் அழுகலுக்கு டிரைக்கோடெர்மா: ஆறு மழைக்கால அனுபவம்

கொக்கோ மரங்களுக்கு டிரைக்கோடெர்மா, அதாவது நோய்க்கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சை, வைக்க ஆரம்பித்து ஆறு மழைக்காலம் முடிந்துவிட்டது. முதல் இரண்டு வருடம் பலன் எதுவும் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். நான் பயன்படுத்திய விதம்தான் தவறு என்று பிறகுதான் புரிந்தது.

எங்கள் மரங்களுக்குப் பெரிய தொல்லை கருங்காய் அழுகல். மழை பிடித்தால் காயில் சின்னதாக ஒரு பழுப்புப் புள்ளி விழும். இரண்டு வாரத்துக்குள் காய் முழுக்கக் கறுத்துவிடும். முற்றிய காயை உடனே பறித்தால் விதையைக் காப்பாற்றலாம், பிஞ்சு என்றால் போனதுதான். காரணம் பைட்டோப்தோரா. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் அது நீர்ப்பூஞ்சை வகை, உண்மையான பூஞ்சை இனம் கிடையாது. அதன் வித்துகள் ஈரத்தில் நீந்தியே பரவும்.

இது தெரியாமல்தான் முதல் வருடம் மாட்டிக்கொண்டேன். டிரைக்கோடெர்மாவை மண்ணில் வைத்த அதே மாதம், காய் அழுகுகிறதே என்ற பதற்றத்தில் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைத் தெளித்தேன். அது பைட்டோப்தோராவை ஒன்றும் செய்யாது, ஆனால் டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும். நோயை அப்படியே விட்டுவிட்டு, அதைத் தடுக்க வந்ததை என் கையாலேயே அழித்திருக்கிறேன். இன்றும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

இரண்டாம் வருடம் வாங்கிய தூள் பழசு. கடையில் வெயில் படும் இடத்தில் கிடந்த பொட்டலம், பிரித்தபோது கட்டி தட்டியிருந்தது. உள்ளே இருப்பது உயிர், சூட்டில் செத்துவிடும். இப்போதெல்லாம் தயாரித்த தேதி பார்க்காமல் வாங்குவதில்லை. வாங்கியதும் 1 கிலோ தூளை 100 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரச் சாக்கு போட்டு மூடி, இடையிடையே கிளறி 15 நாள் வைக்கிறேன். பச்சையாகப் படர்ந்த பிறகுதான் மரத்தடிக்குப் போகும்.

உண்மையான மாற்றம் மூன்றாம் வருடம் வந்தது, அதுவும் ஓட்டுக் குவியலால். காய் உடைத்த ஓடுகளை மரத்தடியிலேயே போட்டு வைப்பது எங்கள் வழக்கம். நோய் அங்கேதான் தங்கியிருந்தது. மழைத்துளி தெறித்து அடிக்காய்களுக்கு ஏறும், எறும்புகள் ஈரமண்ணோடு மேலே கொண்டுபோகும். பிரேசிலின் பாஹியாவில் 1989-இல், கிளைகள் துடைப்பம் மாதிரி கொத்தாக வளர்ந்து காயும் சூனியக்காரித் துடைப்ப நோய் நுழைந்து கொக்கோவைச் சீரழித்தது. அங்கே டிரைக்கோடெர்மா ஸ்ட்ரோமாட்டிகம் என்ற இனத்தைக் காய்ந்த துடைப்பக் கிளைகளின் மேல் விடுகிறார்கள். அது நோய்ப்பூஞ்சையைத் தின்று, அதில் குடைக்காளான் முளைத்து வித்து பரவுவதைக் குறைக்கிறது. நோய் வேறு, ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது: நோய் தங்கும் இடத்தில் விட வேண்டும். சரி என்று ஓடுகளை எல்லாம் தோட்டத்துக்கு வெளியே ஒரே குழியில் போட்டு, அடுக்கடுக்காக டிரைக்கோடெர்மா உரம் தூவி மூடினேன். அந்த மழையிலேயே அடிக்காய்கள் தப்பியது கண்ணுக்குத் தெரிந்தது.

காயின் மேல் தெளிப்பதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற நல்ல பாக்டீரியாத் தூளை லிட்டருக்கு 5 கிராம் கலந்து மாலையில் தெளிக்கிறேன். இரவே மழை கொட்டினால் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. கேமரூனில் டிரைக்கோடெர்மா ஆஸ்பெரெல்லத்தை சோயா எண்ணெய் சேர்த்த கலவையாகத் தெளித்துப் பார்த்திருக்கிறார்கள், வித்துகள் காயில் அதிக நாள் உயிரோடு ஒட்டியிருந்தன. எண்ணெய்க் கலவை கைக்குக் கிடைத்தால் முதலில் அதைத்தான் வாங்குவேன்.

சாதாரண மழைக்கு இப்போது மரத்துக்கு ஒன்றிரண்டு காய்தான் கறுக்கிறது. ஆனால் பத்து, பதினைந்து நாள் விடாமல் பெய்தால் நுண்ணுயிரை மட்டும் நம்பிச் சமாளிக்க முடியாது. அப்போது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த 1 சதவீத போர்டோ கலவையைக் காய்களின் மேல் மட்டும் படும்படி தெளிக்கிறேன். அதில் உள்ள தாமிரம் டிரைக்கோடெர்மாவுக்கும் ஆகாது என்பதால் இரண்டையும் ஒரே டேங்கில் கலப்பதே இல்லை. மூன்று வாரம் விட்டு மரத்தடிக்கு மறுபடி உரம் வைக்கிறேன். முன்பு மழைக்காலம் முழுக்க தாமிரம் அடித்த இடத்தில், போன மழைக்கு இரண்டே தடவைதான் அடித்தேன். கிளைகளைக் கவாத்து செய்து காற்று புக விடுவதும், வாரம் ஒரு முறை கறுத்த காய்களைப் பறித்துக் குழிக்குக் கொண்டுபோவதும் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.