சுக்கா, தூதுவளையா?

மேலூர்ப் பக்கம் பிறந்த என் அம்மா, 84 வயதிலும், சளி என்றால் இரண்டு மருந்துகளைத்தான் சொல்வார். சுக்குக் கஷாயம் தொண்டைக்கு உடனே இதமளிக்கும். ஆனால், "கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு" என்று கூறி, கத்தி முனையால் தோலை முழுவதும் சுரண்டி, அந்தத் தூளை ஊதித் தள்ளிய பிறகே சுக்கைத் தட்டி, மிளகும் கருப்பட்டியும் சேர்த்து, இரண்டு டம்ளர் நீர் ஒன்றாக வற்றும்வரை காய்ச்சுவார். தூதுவளையையோ வேலியிலிருந்து பறித்து, இலை நரம்பில் இருக்கும் முட்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி, நெய்யில் வதக்கி ரசம் வைக்க வேண்டும். கை கீறாமல் முடியாத வேலை அது. காரம் தாங்காத பிள்ளைகளுக்கு, மிளகைக் குறைத்துச் சோற்றில் பிசைந்து கொடுக்க ரசமே ஏற்றது என்பேன். நள்ளிரவு இருமலுக்கு, வீட்டில் எப்போதும் இருக்கும் சுக்குதான் கைகொடுக்கிறது. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் இவை போதா; அப்போது மருத்துவரிடம் போகச் சொல்பவரும் அம்மாதான்.